வேலு சாக வேண்டுமா?

"சாவு இல்லாத கூத்துக்கு யார் சார் உட்காருவாங்க?" என்று கூத்து வாத்தியார் கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. காசநோய் ஆறு மாதத்தில் குணமாகிற நோய். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று. இதைச் சொல்லத்தான் கூத்தே. நோயாளியைக் கொன்றுவிட்டு அதை எப்படிச் சொல்வது? அவர் அசையவில்லை. படுகளத்தில் துரியோதனன் விழுவதற்காகக் காத்துக் கிடக்கிற ஜனம் சார் இது என்றார்.

ஒத்துக்கொண்டேன். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துகிற வேலு சாவான். முழுசாகச் சாப்பிட்ட தங்கச்சி பிழைப்பாள். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வரும் என்பது உண்மைதானே. பொய் எதையும் மேடையேற்றவில்லை.

"மூத்திரம் செக்கச்செவேல்னு போகுதுடா, பூசாரியக் கூப்பிடு!" என்று கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குதித்தபோது ஊரே சிரித்தது. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்பதை எந்தத் துண்டறிக்கையாலும் இப்படிப் புரியவைக்க முடியாது. வேலு விழுந்ததும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்த வாரம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமியவர்கள் தாங்களாகவே சளி கொடுக்க வந்தார்கள். அதே வாரம்தான், அந்த ஊரில் மூன்றாம் மாத மாத்திரையில் இருந்தவருக்கு டீக்கடையில் டம்ளர் கொடுப்பதை நிறுத்தினார்கள். டம்ளரால் காசநோய் பரவாது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து சில வாரங்களிலேயே தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். இதையும் கூத்தில் சொன்னோம், ஆனால் வேலு செத்த பிறகு. அதற்குள் பாதிப் பேர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

வாத்தியாரிடம் சொன்னேன். "பயந்ததாலதான் சார் சளி குடுக்க வந்தாங்க. டம்ளரும் அதே பயம்தான். ஒண்ணு வேணும், ஒண்ணு வேணாம்னா எப்படி?"

அந்த மூத்திர நகைச்சுவைக்காகத்தான் வந்தார்கள் என்று நம்ப எனக்கு ஆசை. சிரித்தவர்களில் யார் வந்தார்கள், பயந்தவர்களில் யார் வந்தார்கள் என்று யார் கணக்கெடுத்தது? அறிக்கையில் சளிப் பரிசோதனைக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி அனுப்பினேன், மேலே பாராட்டினார்கள்.

அடுத்த ஊருக்கு டம்ளர் காட்சியை வேலு சாவதற்கு முன்னால் நகர்த்தியிருக்கிறேன். இழுவை என்கிறார் வாத்தியார். இருக்கட்டும். சாவை எடுத்துவிடலாமா என்று மட்டும் அவரிடம் இன்னும் கேட்கவில்லை.