‘அருமை’ என்று எழுதாதீர்கள்: கச்சேரி நோட்டு வைப்பவர்களுக்கு

மதுரையில் வருடக்கணக்காகக் கச்சேரி கேட்டுவருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ராஜா முத்தையா மன்றம், லட்சுமி சுந்தரம் ஹால், நவராத்திரி மாலைகளில் மீனாட்சி அம்மன் கோயில் என்று ஓர் இடம் விடமாட்டார்கள். எப்போதோ கேட்ட ஒரு தோடி ராகத்தைப் பற்றி விசாரித்தால் “அடடா, அன்னைக்கு என்னா பாட்டு!” என்று முகம் மலரும். எந்தக் கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) எந்த வரியில், மிருதங்கம் யார் என்று கேட்டால் பதில் வராது. கேட்ட சந்தோஷம் தங்கும், கேட்ட சங்கதி தங்காது. நாலைந்து வருடம் போனால் நல்ல கச்சேரிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே கச்சேரி ஆகிவிடும். இதற்கு மருந்து ஒரு நோட்டுதான். ஆனால் அதில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அருமை’, ‘அபாரம்’, ‘உருக்கம்’ என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் பிற்பாடு படிக்கும்போது ஒன்றும் திரும்பி வராது. சுருதி (பாடகர் ஆதாரமாக வைக்கும் ‘ஸ’), எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்), நேரம், ஸ்வரம் வந்து நின்ற இடம், இவற்றை எழுதினால் அந்த மாலை முழுசாகத் திரும்பி வரும்.

சட்டைப் பைக்குள் அடங்கும் கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். கச்சேரி தொடங்கியதும் ஹாலில் விளக்கைக் குறைத்துவிடுவார்கள். பொடி எழுத்தில் எழுதினால் மறுநாள் நமக்கே படிக்க வராது. பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். செல்போனில் குறிப்பு எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அந்த வெளிச்சம் பின்வரிசை முழுக்கக் கண்ணில் குத்தும். ஆலாபனை நடுவே ஒரு செய்தி வந்து விழுந்தால் நம் கவனமும் போய்விடும். சுருக்கெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனைக்கு ‘ஆ’, நிரவலுக்கு ‘நி’, ‘ஸரிகம’ என்று பாடும் ஸ்வரத்துக்கு ‘ஸ்’, லய வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு ‘த’. இடது ஓரத்தில் கடிகார நேரம். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் பாடகரிடமும் சபாவிடமும் கேட்டு அனுமதி வாங்கிய பிறகுதான்.

தலைப்பில் தேதி, இடம், பாடகர், பக்கவாத்தியக்காரர்கள் எல்லோருடைய பெயரும் வரவேண்டும். கடம், கஞ்சிரா, மோர்சிங் வாசிப்பவர்களின் பெயரை விட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தனி ஆவர்த்தனத்தில் பாதி அவர்களுடையது. அழைப்பிதழில் அச்சான பெயரை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். கடைசி நேரத்தில் ஆள் மாறுவது சகஜம். மேடையில் அறிவிப்பதைக் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது சுருதி. இதை எழுதாத நோட்டு அரை நோட்டு. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை முதல் இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்களுக்கு நாலரை முதல் ஆறு வரை, அதிலும் ஐந்தும் ஐந்தரையும் அதிகம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது ஆங்கில ‘சி’. இரண்டு ‘டி’, மூன்று ‘இ’, நாலு ‘எஃப்’, ஐந்து ‘ஜி’, ஆறு ‘ஏ’. ‘அரை’ என்று வருவதெல்லாம் நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள். மூன்றரை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ‘மூன்றரைக் கட்டை’ என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு தப்பு என்று உடனே தெரிந்துவிடும். கச்சேரி ஆரம்பிக்கும் முன் தம்புரா ஒலிக்கும்போது டியூனர் செயலியைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டு மூடிவிடலாம். செயலியைக் குழப்புவது பஞ்சமம், அதாவது ‘ப’. ஒரு கட்டை சுருதியில் தம்புராவின் பஞ்சமம் ‘ஜி’ என்று காட்டும். ஆண் குரலுக்கு ஐந்து கட்டை என்று எழுதிவிடுவோம். தம்புராவின் கடைசித் தந்தி, அதாவது மந்தர ஷட்ஜம் (கீழ் ‘ஸ’), ஒலிக்கும்போது பார்த்தால் சரியாக வரும்.

சுருதியைக் குறித்து வைத்தால் லய வாத்தியங்கள் பற்றியும் தெளிவு வரும். ஆண் குரலுக்கு வரும் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம் 24 அங்குலம் அளவில் நீளமாக இருக்கும், பெண் குரலுக்கு வரும் ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் 22 அங்குலம் அளவு. ஏசி ஹாலில் காற்று வறண்டிருக்கும். தோல் இறுகும், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சுருதி ஏறும். இடப்பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவை காய்ந்தால் அடிநாதம் மெலியும். வித்வான் நடுநடுவே விரலில் தண்ணீர் தொட்டு ரவையில் தடவுவதும், கல்லும் புள்ளும் (மரக்குச்சி) வைத்து வாரைத் தட்டுவதும் இதற்காகத்தான். ஐப்பசி மழைக்காலத்தில் திறந்தவெளி மேடை என்றால் நேர்மாறு: ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். எந்த உருப்படிக்குப் (பாட்டுக்குப்) பிறகு சுருதி சேர்த்தார் என்பதையும் குறியுங்கள். முக்கிய ராகத்துக்கு நடுவே அது நடந்திருந்தால், ஏதோ ஒரு இடத்தில் பாட்டு ஏன் தொய்ந்தது என்பதற்கான காரணம் அங்கே இருக்கும்.

கடம் விஷயம் வேறு. அதில் வார் இல்லை, இழுத்துக் கட்ட முடியாது. மண், கனம், சூளை மூன்றும் சேர்ந்து அதன் சுருதியைத் தீர்மானித்துவிடும். நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மானாமதுரையில் வித்வான்கள் சுருதி சொல்லிப் பானை செய்து வாங்குகிறார்கள். அங்கே செய்யும் கடம் கனமானது, நாதமும் கணீரென்று இருக்கும். வித்வான் கூடுதலாக ஒரு கடம் கொண்டுவருவது சுருதிக்காக. கொஞ்சம் இறக்க வேண்டுமானால் களிமண்ணோ மெழுகோ அப்பலாம், ஏற்ற வழியில்லை.

உட்காரும் இடத்தையும் ஒரு வார்த்தை எழுதுங்கள். பாடகருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம், மிருதங்கம் இருக்கும். வலந்தலை சபையைப் பார்த்து இருப்பதால் அந்த ஒலி நேரே வரும். தொப்பி மேடையின் பின்பக்கம் பார்த்திருக்கும், மைக் சரியில்லை என்றால் கேட்காது. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே அமர்ந்து கேட்டுவிட்டு ‘வயலின் கிறீச்சிட்டது’ என்று எழுதினால் அது வயலின்மேல் சொல்லும் குறை ஆகாது. நடுவில் ஐந்தாவது வரிசையை ஒட்டி உட்காருவது நல்லது. கோயில் ஆடி வீதிகளில் கல் சுவர் எதிரொலிக்கும். அங்கே மேடைக்கு எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு தெளிவு.

இனி உருப்படிகள். இன்று கேட்கும் கச்சேரி அமைப்புக்கு, வர்ணத்தில் தொடங்கி விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள், பிறகு விஸ்தாரமான ராகம், தனி, கடைசியில் துக்கடா என்னும் சிறு பாட்டுகள் என்று போகும் வரிசைக்கு, வழிகாட்டியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). நம் பக்கத்துக் காரைக்குடியை ஒட்டிய ஊர்க்காரர். இந்த வரிசை மனதில் இருந்தால் எழுதுவது சுலபம். பாட்டின் பெயர் எழுதுவதில்தான் இரண்டு தப்பு அடிக்கடி நடக்கும். சில பாடகர்கள் பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவியில் தொடங்குவார்கள். அதையே பாட்டின் பெயர் என்று எழுதிவிட்டால் பிறகு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. தாமதமாக வந்தவர்கள் நிரவல் வரியைப் பல்லவி என்று நினைத்து எழுதுவார்கள். எது திரும்பத் திரும்ப வந்து முடிகிறதோ அதுதான் பல்லவி.

பாட்டு புரியாத மொழியில் இருந்தாலும் கடைசிப் பகுதியான சரணத்தில் முத்திரைச் சொல்லைப் பிடித்தால் இயற்றியவர் யார் என்று தெரிந்துவிடும். ‘த்யாகராஜ’ எல்லோருக்கும் தெரியும். ‘குருகுஹ’ என்றால் தீட்சிதர், ‘ஸ்யாமகிருஷ்ண’ என்றால் சியாமா சாஸ்திரி, ‘பத்மநாப’ என்றால் சுவாதித் திருநாள், ‘ராமதாஸ’ என்று தமிழ்ப் பாட்டில் வந்தால் பாபநாசம் சிவன். ‘ஸ்ரீநிவாஸ’ என்று வந்தால் அரியக்குடியின் குருவான ராமநாதபுரம் பூச்சி ஐயங்கார் (1860–1919). ‘கவிகுஞ்சரதாஸன்’ என்றால் 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்த கோடீஸ்வர ஐயர். அபூர்வ மேள ராகம், தமிழ்ச் சொல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் இந்த முத்திரையைத் தேடுங்கள்.

ராகம் தெரியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. கேள்விக்குறி போட்டு, கேட்ட ஸ்வரத்தை எழுதி வையுங்கள். குழப்பும் ஜோடிகள் சில உண்டு. பூர்விகல்யாணியும் பந்துவராளியும் கேட்கும்போது தைவதத்தை, அதாவது ‘த’வைக் கவனியுங்கள்: முன்னதில் சதுச்ருதி (உயர்ந்தது), பின்னதில் சுத்தம் (தாழ்ந்தது). ஷண்முகப்ரியாவுக்கும் சிம்மேந்திரமத்தியமத்துக்கும் நிஷாதத்தில், அதாவது ‘நி’யில் மட்டும்தான் வேற்றுமை. ஷண்முகப்ரியாவில் கைசிகி (தாழ்ந்தது), மற்றதில் காகலி (உயர்ந்தது). பாடகர் மேல் ஷட்ஜத்தை நெருங்கும் நொடியில் காதைத் தீட்டிக்கொண்டால் விடை கிடைத்துவிடும். ஆரபியும் தேவகாந்தாரியும்தான் கஷ்டம், ஏனென்றால் ஆரோகண அவரோகணம் (ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசை) இரண்டுக்கும் ஒன்றே. ஸ்வரத்தைத் தேடிப் பயனில்லை, நடையைப் பாருங்கள். ஆரபி மத்திம காலத்தில் துள்ளும், காந்தாரத்தையும் (‘க’) நிஷாதத்தையும் தொட்டும் தொடாமலும் போகும். தேவகாந்தாரி நிதானமாக, நீண்ட நிறுத்தமான கார்வையோடும் அசைவோடும் வரும்.

தாளத்துக்கு முன்வரிசைக்காரர் தொடையைப் பார்த்துப் போடாதீர்கள், அவரே தப்பாகப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆதி தாளம் என்றால் தட்டும் மூன்று விரலும் நாலு, பிறகு தட்டு வீச்சு இரண்டு தடவை, ஆக எட்டு. ‘தகிட தகதிமி’ என்று உள்ளுக்குள் சொன்னால் பொருந்துவது மிஸ்ர சாபு, ‘தக தகிட’ பொருந்தினால் கண்ட சாபு. எடுப்பைக் கட்டாயம் எழுதுங்கள்: தட்டோடு தொடங்கினால் சமம், தட்டு விழுந்த பிறகு தொடங்கினால் அனாகதம், தட்டுக்கு முன்பே தொடங்கினால் அதீதம். எடுப்பு தெரியாமல் கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனை செய்து பாடும் ஸ்வரம்) கேட்டால் பாடகர் எங்கே வந்து சேரப் பார்க்கிறார் என்று விளங்காது, பாதி ரசம் போய்விடும்.

ஸ்வரம் பாடுவதில் இரண்டு வழி உண்டு. கணக்கு வைத்துக் கோர்வையில் (கணக்காகக் கட்டிய முத்தாய்ப்பில்) முடிப்பது ஒன்று, தாளத்தின் ஓட்டத்தோடு மிதந்துபோகும் சர்வலகு மற்றொன்று. மதுரை மணி ஐயரின் (1912–1968) ஸ்வரம் சர்வலகுவுக்கு இலக்கணம் என்றே சொல்வேன். பழைய ஒலிப்பதிவுகளில் கேட்டுப் பழகினால் மற்றவர்களிடம் அதை அடையாளம் காண முடியும். நோட்டில் ‘ஸ்-சர்’, ‘ஸ்-கண’ என்று போட்டு, எந்த ஸ்வரத்தில் வந்து நின்றார் என்றும் எழுதுங்கள். ‘பஞ்சமத்தில் நிறுத்தல்’ என்ற இரண்டு சொல், இரண்டு பக்கப் புகழ்ச்சியைவிட அதிகம் சொல்லும்.

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபி குடிக்கப் போகிறவர்களுக்கு இந்த நோட்டு உதவாது. நாலு நடை (ஓர் அட்சரத்துக்கு நாலு மாத்திரை) ஆதியில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 32 மாத்திரை. கோர்வை எப்படி அதில் அடங்குகிறது என்று பார்க்க ஒரு சின்ன உதாரணம்: ‘தகிட தகிட தகதிமி’ பத்து. இது மூன்று தடவை, நடுவே ஒவ்வொரு மாத்திரை கார்வையாக இரண்டு. முப்பதும் இரண்டும் 32, நேரே சமத்தில் வந்து விழும். பெரிய கோர்வைகளும் இப்படிக் கட்டியவைதான். தகிட 3, தகதிமி 4, தகதகிட 5, தகிட தகதிமி 7, தகதிமி தகதகிட 9. சொல்லாக எழுத நேரம் இருக்காது, எண்ணாக எழுதினால் போதும். கோர்வையை மூன்று தடவை வாசிப்பார்கள்: முதல் தடவை கேளுங்கள், இரண்டாவதில் எண்ணுங்கள், மூன்றாவதில் எழுதுங்கள். தவறிப்போனால் கச்சேரி முடிந்ததும் மேடை ஓரமாகப் போய், “அண்ணே, அந்தக் கோர்வை எந்த நடை?” என்று கேளுங்கள். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொல்லிக் காட்டுவார்கள். கேட்கும் ஆள் இருக்கிறாரே என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

ராகம், தானம், பிறகு ஒரே வரிப் பல்லவி என்று விரியும் ராகம் தானம் பல்லவிக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எட்டுக் கட்டம் போட்டு, பல்லவியின் சொற்களை எந்த அட்சரத்தில் எது விழுகிறதோ அந்தக் கட்டத்தில் எழுதவேண்டும். எடுப்புக்கு ஒரு புள்ளி, நடுவே நிற்கும் இடமான அறுதிக்கு ஒரு கோடு. திரிகாலம் (மூன்று வேகம்) செய்தாரா, திஸ்ரம் (மூன்று நடை) காட்டினாரா, ராகமாலிகை ஸ்வரத்தில் எந்தெந்த ராகம், இவை கீழே. இரண்டு களை ஆதியில் ஒவ்வொரு கிரியையும் (தட்டு, விரல், வீச்சு) இரட்டிப்பாக வரும், கட்டத்தைப் பதினாறாகப் போட்டால்தான் சொற்கள் அடங்கும்.

துக்கடாக்களுக்கு ராகமும் வரிசையும் போதும். தாளமில்லாமல் செய்யுளை விருத்தமாகப் பாடினால் மட்டும் ராகங்கள் மாறிய ஒழுங்கை எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்று இரவே நல்ல நோட்டில் பிரதி எடுக்கவேண்டும். ஒரு நாள் தள்ளினால் சுருக்கெழுத்தில் பாதி புரியாது. கேள்விக்குறி போட்ட ராகங்களைத் தீர்த்தபின் பழையதை அழிக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். எந்த ராகத்தில் நம் காது திரும்பத் திரும்ப வழுக்குகிறது என்று அதில்தான் தெரியும். நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தை ராக அகராதிக்கு விடுங்கள். காம்போதி என்ற தலைப்பின் கீழ் பாடகர், தேதி, பக்க எண். நாலு வருடம் சேர்ந்தால் ஒரே ராகத்தை ஒவ்வொருவரும் எங்கே விரித்தார்கள், எவ்வளவு நேரம் பாடினார்கள் என்று ஒப்பிடலாம்.

கோயிலில் நாதஸ்வரம் கேட்கும்போது இந்தப் படிவம் பொருந்தாது. சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த ஊர் இது. மேடைக் கச்சேரி அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு நாதஸ்வரத்தைக் குறிக்கக் கூடாது. பாட்டுக்குப் பதில் புறப்பாட்டைக் குறியுங்கள்: சுவாமி எந்த இடத்தில் நின்றபோது எந்த ராகம். புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்னும் உருப்படி வரும். தேருக்கு, தீர்த்தத்துக்கு, தளிகைக்கு என்று மல்லாரிகள் தனித்தனி. வாத்தியம் திமிரியா பாரியா என்று எழுதுங்கள். திமிரி குட்டை, நாலு கட்டைக்கு மேல் ஒலிக்கும். பாரி நீளம், இரண்டு இரண்டரை. வாத்தியத்தில் கட்டித் தொங்கும் சீவாளிகளில் (ஊதும் நாணல்களில்) ஒன்றை நடுவே மாற்றினால் அதையும் குறியுங்கள், அதற்குப் பிறகு நாதம் மாறியிருக்கும். நடந்துகொண்டே எழுத முடியாது. வாகனம் நிற்கும் மண்டகப்படியில்தான் நேரம் கிடைக்கும். தாளம் பிடிபடாவிட்டால் அங்கேயே தவில்காரரிடம் கேட்டுவிடலாம், தோளிலிருந்து வாரை இறக்கி வைத்திருப்பார்.