மெல்பர்ன் நாட்குறிப்பு: ரயிலுக்கு நான்கு நாள், காருக்கு மூன்று நாள்

14 மார்ச் 2024, வியாழன்

நண்பர் காலையில் வந்து இறங்கினார். டல்லமரீன் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. நகரத்துக்கு வர ஸ்கைபஸ் இருக்கிறது. சதர்ன் கிராஸ் நிலையத்தில் விடும். அதில் மைக்கி அட்டை (ரயில், டிராம், பேருந்துக்கான பயண அட்டை) செல்லாது, தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகாரம், பொடி, ஊறுகாய், விதை, எது பெட்டியில் இருந்தாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். குறித்தால் அதிகாரி திறந்து பார்ப்பார்; ஆகாததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். மறைத்து மாட்டினால்தான் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுவரவே வேண்டாம். டாண்டினாங் புறநகர்க் கடைகளில் கிடைக்கும்.

மைக்கி அட்டை 6 டாலர். செவன் லெவன் கடையிலேயே வாங்கிப் பணம் ஏற்றலாம். 2024இல் 2 மணி நேரக் கட்டணம் 5.30, ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் 10.60க்கு மேல் பிடிக்கவில்லை. சனி, ஞாயிறில் 7.20தான் இருந்தது. 2023 மார்ச் 31 முதல் இதே உச்சவரம்பு விக்டோரியா மாநிலம் முழுவதற்கும் பொருந்துகிறது. சனிக்கிழமை ஜீலாங் போய் வந்தாலும் அதே வார இறுதி உச்சவரம்புதான்.

நகர மையத்தில் டிராம் இலவசம். இங்கேதான் புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். எல்லைக்குள்ளேயே ஏறி இறங்குகிறவர் அட்டையைத் தொட்டால் வீணாகப் பணம் போகும். எல்லையைத் தாண்டிப் போகிறவர் தொடாமல் உட்கார்ந்திருந்தால் பரிசோதகரிடம் மாட்டுவார். எல்லை வருவதை டிராமுக்குள் அறிவிப்பார்கள், அதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். 35ஆம் எண் பழைய டிராம் நகரத்தைச் சுற்றி வருவது. மெதுவாகத்தான் போகும், முதல் நாள் களைப்புக்கு அதுவே சுகம்.

நடந்து பார்க்கவும் ஏற்ற ஊர். 1837இல் நில அளவையாளர் ராபர்ட் ஹாடில் கோடு போட்ட கட்டம் இது: பெரிய தெருக்கள் 99 அடி அகலம், இடையில் 'லிட்டில்' என்று தொடங்கும் தெருக்கள் 33 அடி. இவற்றுக்கும் நடுவே பின்வாசலுக்காகப் பிறந்த சந்துகளில்தான் இன்றைய காபிக் கடைகளும் சுவர் ஓவியங்களும் இருக்கின்றன. ஸ்பென்சர் தெருவிலிருந்து ஸ்பிரிங் தெருவரை ஒரு மைல். அரை மணியில் நடந்துவிடலாம்.

மதியத்துக்கு மாநில நூலகம், அனுமதி இலவசம். 1913இல் திறந்த எண்கோணப் படிப்பறையைக் கீழே நின்று பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. மின்தூக்கியில் மேல்மாடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தால்தான் மேசைகள் ஆரக்கால் போல விரிந்திருப்பது தெரியும். 1880இல் நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் அணிந்து போராடிய இரும்புக் கவசமும் இங்கேதான்.

15 மார்ச், வெள்ளி

குயின் விக்டோரியா சந்தை திங்களும் புதனும் கிடையாது. அந்த நாளில் வந்து பூட்டிய கொட்டகையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. காய்கறி, மீன் பகுதிகள் காலையில்தான் களைகட்டும். ஜாம் டோனட் வண்டியில் வாங்கினால் இரண்டு நிமிடம் பொறுங்கள். மாவு ஆறிய பிறகும் உள்ளே ஜாம் கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கு வெந்துவிடும்.

அங்கிருந்து ராயல் எக்ஸிபிஷன் கட்டடம் நடை தூரம். 1880இல் கட்டியது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தை 1901 மே 9 அன்று முதன்முதலில் திறந்து வைத்தது இங்கேதான். 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

போர் நினைவாலயம் மாலை 5க்குள் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் ஓய்ந்த நேரமான நவம்பர் 11 காலை 11 மணிக்குக் கூரைத் துளை வழியே சூரியக் கதிர் உள்ளே வந்து நினைவுக் கல்லைத் தொடும்படி கட்டியிருக்கிறார்கள். பிறகு கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் வந்ததால் கணக்கு பிசகியது. இப்போது கண்ணாடி வைத்துக் கதிரைத் திருப்புகிறார்கள். மற்ற நாட்களில் விளக்கொளியில் காட்டுகிறார்கள், அதுவும் நின்று பார்க்கத் தகுந்தது.

பையில் எப்போதும் ஒரு மேல்சட்டை வேண்டும். வடக்கே உள்நாட்டுப் பாலை நிலத்திலிருந்து அடிக்கும் காற்று அனல். அது தென்மேற்காக மாறினால் தென்கடல் குளிர் வந்துவிடும். ஒரே பிற்பகலில் 15 டிகிரி இறங்குவது இந்த ஊரில் சாதாரணம். முன்னறிவிப்பில் வெப்பத்தை மட்டும் பார்க்காமல் காற்று மாறும் நேரத்தையும் பாருங்கள்.

16 மார்ச், சனி

பஃபிங் பில்லி என்ற மலை நீராவி ரயில். பிளிண்டர்ஸ் தெருவிலிருந்து பெல்கிரேவ் ரயிலில் கடைசி நிலையம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கிளம்புமுன் தண்டவாள வேலை உண்டா என்று பார்ப்பது கட்டாயம். வார இறுதிகளில் பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவார்கள். நீராவி ரயிலின் முன்பதிவு நேரம் அதற்காகக் காத்திருக்காது. ஒரு மணி நேரம் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

1900இல் திறந்த மலைப் பாதை இது. தண்டவாள இடைவெளி 762 மில்லிமீட்டர்தான், அதாவது இரண்டரை அடி. வளைவுகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதன் காரணம் அதுதான். மலையைக் குடையாமல் அதன் போக்கிலேயே போகக் குறுகிய பாதை வசதி. 1953இல் மலைச்சரிவு பாதையை மூட, மறு ஆண்டு அரசு கைவிட்டது. தன்னார்வலர்கள் மண்ணை அள்ளி, சரிவைச் சுற்றிப் பாதை போட்டு, 1962இல் மென்சீஸ் கிரீக் வரையும் 1998இல் ஜெம்புரூக் வரையும் மீட்டார்கள். இன்றும் அங்கே கொடி காட்டுகிறவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். இதைத் தெரிந்துகொண்டு ஏறினால் ரயில் வேறு மாதிரித் தெரியும்.

பெல்கிரேவிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மரப்பாலம் வந்துவிடும். இருக்கையில் சாவகாசமாகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். புகைப்படக் கருவி முதல் நிமிடத்திலிருந்தே கையில் இருக்கட்டும். ஜன்னல் விளிம்பில் உட்கார்வது பற்றி ஊழியர் சொல்வதே முடிவு. எஞ்சினை ஒட்டிய பெட்டியில் கரித்தூள் கண்ணில் விழும். கண்ணாடி அணிவது நல்லது. ஜெம்புரூக் வரை போனால் நாள் முழுக்க ஓடிவிடும். லேக்சைட் நிலையம் போய்த் திரும்பினால் பிற்பகல் மிஞ்சும். தீத்தடை (காட்டுத்தீ அபாயத்தால் நெருப்பு மூட்டத் தடை) அறிவித்த நாளில் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சின்தான்.

மிஞ்சிய பிற்பகலை ஷெர்புரூக் காட்டுக்குக் கொடுங்கள். பெல்கிரேவிலிருந்து நடந்தே போகலாம். பூக்கும் மரங்களிலேயே உலகில் மிக உயரமாக வளரும் மவுண்டன் ஆஷ் யூகலிப்டஸ் இங்கே, காலடியில் மரப்பெரணி. யாழ்ப்பறவையைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்காதீர்கள். அது தரையில் சருகைக் கீறிப் புழு தேடும் பறவை. காலால் சருகு பறக்கும் சத்தம்தான் அடையாளம்.

17 மார்ச், ஞாயிறு

ஓய்வு நாள். காலையில் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். ஞாயிறு பேருந்து குறைவு. தெரிந்தவர் காரில் போவது உத்தமம். மாலையில் சாண்ட்ரிங்ஹாம் ரயிலில் பிரைட்டன் பீச் இறங்கி, கரையோரம் கால் மணி நடந்தால் வண்ண மரக்குடில்கள். எண்பதுக்கு மேல் நிற்கின்றன. எதிலும் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ கிடையாது. மாலை வெயில் முன்பக்கம் விழுவதால் படம் எடுக்க அதுவே நேரம்.

18 மார்ச், திங்கள்

இன்றுமுதல் கார். பிலிப் தீவு 140 கிலோமீட்டர், 2 மணி நேரம். பகலில் கௌஸ் ஊர் வரை பேருந்து உண்டு. ஆனால் இரவு பென்குயின் பார்த்துவிட்டு நகரம் திரும்ப ஒன்றும் இல்லை. கார், இல்லாவிட்டால் சுற்றுலாப் பேருந்து.

ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஊர் உரிமமே சுற்றுலா வந்தவருக்குப் போதும். வாடகை நிறுவனம் சர்வதேச அனுமதியும் கேட்கக்கூடும். இருவர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் காப்பீடு கைவிடும்.

பென்குயின்கள் கரையேறுவது சூரியன் மறைந்த பிறகு. இப்போது அஸ்தமனம் ஏழரை மணி. நேரத்தோடு போனால் நொபீஸ் முனை மரப்பாதையில் கடலையும் பார்த்துவிடலாம். 33 சென்டிமீட்டர் உயரமும் ஒரு கிலோ எடையும் உள்ள பறவை இது. தனியாக மணலைக் கடக்கப் பயப்படும். நுரையில் கூட்டமாகக் காத்திருந்து, ஒன்று துணிந்தால் எல்லாம் ஓடி வரும். சந்தேகம் வந்தால் எல்லாம் திரும்பிக் கடலுக்குள் போகும். முதல் கூட்டத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலிருந்து எழுந்து மரப்பாதைக்கு வந்துவிடுங்கள். வளைகளுக்குப் போகும் தடம் அதன் ஓரமாகவே போகிறது. கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும், தொடக்கூடாது. மார்ச்சில் பல பறவைகள் இறகு உதிர்த்துச் சுமார் 17 நாள் கடலுக்கே போகாமல் வளை வாசலில் நிற்கும். அதனால் கரையேறும் எண்ணிக்கை குறைவு, வளையருகே பார்ப்பது அதிகம்.

கேமராவும் கைபேசியும் எடுக்கவே கூடாது. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. இந்த முனையில் ஒரு குடியிருப்பே இருந்தது. 1985 முதல் அரசு மனை மனையாக வாங்கி, 2010க்குள் வீடுகளையெல்லாம் அகற்றி நிலத்தைப் பறவைக்கே விட்டது. 2017இல் தீவில் நரியே இல்லை என்று அறிவித்தார்கள்.

நகரத்தில் அரைக்கைச் சட்டை போதும் என்ற நாளிலும் இங்கே கம்பளிச் சட்டை வேண்டும். கிளம்புமுன் குனிந்து காரின் அடியில் பார்க்க வேண்டும், பென்குயின் இருக்கும்.

19 மார்ச், செவ்வாய்

கார் நிறுத்தியபடியே. நகரத்துக்குள் ஓட்ட வேண்டிவந்தால் கொக்கித் திருப்பம் தெரிந்திருக்க வேண்டும். பலகை வைத்த சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப, இடது தடத்திலேயே உள்ளே போய், சந்திப்பின் இடது முன்மூலையில் நின்று, குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழும்போது திரும்புவது. நடுவில் டிராம் தடைபடாமல் போவதற்குத்தான் இந்த ஏற்பாடு. நின்ற டிராமின் கதவு திறந்திருந்தால் பின்னாலேயே நிற்க வேண்டும். சுங்கச் சாலைகளில் சாவடி கிடையாது, கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். கட்டணம் வாடகைக் கணக்கில் வரும். ஓட்டுகிறவர் கைபேசியைத் தொடுவதையும் கேமரா பிடிக்கும்.

20 மார்ச், புதன்

கிரேட் ஓஷன் சாலை. இதை ஒரே நாளில் முடிக்க வேண்டாம் என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் தகும். டார்கீயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். வரைபடத்தில் சிறியது, வளைவுகளில் பெரியது. போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்கள் 1919இலிருந்து 1932வரை கையாலும் வெடியாலும் வெட்டிய சாலை.

கிழக்கிலிருந்து மேற்காகப் போவதே சரி. வண்டி இடப்பக்கம் போகும் நாடு, கடலும் இடப்பக்கம். நிறுத்துமிடங்களுக்கு எதிர்வரும் வண்டியைக் கடக்காமல் ஒதுங்கலாம். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் விலகி வழிவிடுவது இங்கே மரியாதை. கென்னட் ரிவரில் கோலாவுக்கு இலைகளைத் தேடாமல் கிளைக் கவட்டைகளைத் தேடுங்கள், தூங்கும் உருண்டை அங்கேதான். அப்பல்லோ பேயில் பெட்ரோல் நிரப்பி வரைபடத்தையும் கைபேசியில் இறக்கிக்கொள்ளவும். அதற்கப்பால் சாலை கடலை விட்டு ஓட்வே காட்டுக்குள் போகும், அலைவரிசை கிடைக்காது. இருட்டுமுன் போர்ட் கேம்பெல் சேர்ந்தோம். அந்திப் பொழுது கங்காருவும் வாலபியும் சாலைக்கு வரும் நேரம்.

21 மார்ச், வியாழன்

இரவு தங்கியதன் பலன் காலையில். பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளின் முகத்தில் காலை வெயில் விழுந்து மஞ்சளும் செம்மையும் அடுக்கடுக்காகத் தெரியும். மாலையில் அதே பாறைகள் கருநிழல். பெயர்தான் பன்னிரண்டு. 2005 ஜூலை 3 அன்று ஒன்று நொறுங்கிய பிறகு நிற்பவை எட்டு. சுண்ணாம்புக் கல்லின் அடியை அலை அரிக்க, குகை வளைவாகி, வளைவு இடிந்து தூணாகிறது. அந்த வரிசையை இந்தக் கரையிலேயே பார்க்கலாம். கிப்சன் படிகள் 86. கீழே இறங்கினால்தான் உயரம் உறைக்கும். கடல் பொங்கும் நாளில் மூடிவிடுவார்கள்.

லாக் ஆர்ட் கோர்ஜ் என்ற குறுகிய கடற்பள்ளம்: 1878 ஜூன் 1 அன்று இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் மோதி, 54 பேரில் டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் இருவரே பிழைத்தார்கள். அந்தச் செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே மணலில் நின்றால் டாம் ஏறி வெளியேறிய சுவரை நிமிர்ந்துதான் பார்க்கவேண்டும். சற்று மேற்கே லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை. 1990 ஜனவரி 15 அன்று கரையோடு சேர்ந்திருந்த வளைவு இடிந்து, அப்பால் மாட்டிய இருவரை ஹெலிகாப்டரில் எடுத்தார்கள். வேலிக்கு அப்பால் போகாதே என்ற பலகைகளின் காரணம் அதுதான்.

திரும்ப உள்நாட்டு வழி, கோலாக் வழியாக மூன்று மணி நேரம். ஆல்பர்ட் பார்க்கில் இன்று ஃபார்முலா ஒன் தொடக்கம், 24 வரை. அந்தப் பக்கம் சாலைகள் மூடியிருக்கும். காரை வேறு வழியாகக் கொண்டுபோய், பெட்ரோல் முழுதும் நிரப்பி, கீறல் இல்லை என்பதற்கு நான்கு பக்கமும் படம் எடுத்து ஒப்படைத்தோம்.