முழங்கைத் தசைகள்: அட்டவணைக்கு முன் எலும்பைக் கையில் எடுங்கள்

மேல்கை அனாட்டமி படிக்கும்போது நிறைய பேர் தோள்பட்டையிலேயே நேரத்தைக் கொட்டிவிடுகிறார்கள். பிரேக்கியல் பிளெக்சஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னலை) வரைந்து வரைந்து அலுத்துப்போய் முழங்கைக்கு வரும்போது "பைசெப்ஸ் மடக்கும், ட்ரைசெப்ஸ் நீட்டும், அவ்வளவுதானே" என்று ஒரே பார்வையில் தாண்டிவிடுகிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வது இங்கேதான். கேள்வி கேட்பவருக்கு முழங்கை ரொம்ப வசதியான இடம். எலும்பைக் கையில் கொடுத்துக் கேட்கலாம், உங்கள் கையையே மடக்கச் சொல்லிக் கேட்கலாம், இந்த நரம்பு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மருத்துவம், பிசியோதெரபி எது படித்தாலும் இதே கதைதான். நான் படித்த முறையை, அப்புறம் ஜூனியர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லோரும் செய்வது என்னவென்றால் ஒரிஜின் (தசை தொடங்கும் இடம்), இன்செர்ஷன் (போய் ஒட்டும் இடம்), நரம்பு, வேலை என்று நாலு கட்டம் போட்டு அட்டவணையை மனப்பாடம் செய்வது. அட்டவணை தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தொடும் முன்பு எலும்புகளைப் பாருங்கள். முழங்கையில் ஒரே உறைக்குள் மூன்று மூட்டுகள் இருக்கின்றன. ஹியூமரஸும் (மேல்கை எலும்பு) அல்னாவும் (முன்கையில் சுண்டுவிரல் பக்க எலும்பு) சேரும் இடம் கீல் மாதிரி மடங்கும், நீளும், வேறு எதுவும் செய்யாது. ஹியூமரஸும் ரேடியஸும் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) சேரும் இடம் இரண்டாவது. ரேடியஸின் தலைப்பகுதி அல்னாவின் பக்கத்தில் நின்று சுழல்கிற இடம் மூன்றாவது, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவதில் இதன் பங்குதான் பெரிது. இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால், ஒவ்வொரு தசைக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இது கடைசியில் போய் ஒட்டுவது அல்னாவிலா, ரேடியஸிலா?

அல்னாவில் ஒட்டினால் அந்தத் தசையால் முன்கையைத் திருப்ப முடியாது, ஏனென்றால் திருப்பும்போது சுழல்வது ரேடியஸ்தான். பிராக்கியாலிஸ் அப்படிப்பட்ட தசை. ஹியூமரஸின் முன்பக்கம் கீழ்ப்பாதியில் தொடங்கி, அல்னாவின் கொரனாய்டு முனையிலும் அதற்குக் கீழே உள்ள டியூபரோசிட்டியிலும் (எலும்பில் உள்ள புடைப்பு) ஒட்டுகிறது. உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை, மடக்கும் வேலையை ஒரே மாதிரி செய்யும். "முழங்கையை மடக்கும் முக்கியத் தசை எது" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் பைசெப்ஸ் என்பார்கள், பதில் பிராக்கியாலிஸ். பைசெப்ஸுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதற்குரிய பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பைசெப்ஸ் ரேடியஸில் ஒட்டுகிறது, ரேடியல் டியூபரோசிட்டியில். அதனால் அதற்கு இரண்டு வேலை: மடக்கவும் செய்யும், உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்பவும் செய்யும். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட உங்கள் கையிலேயே பாருங்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பைசெப்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெதுவாக மேலே பார்க்கும்படி திருப்புங்கள். முழங்கையின் கோணம் ஒரு டிகிரிகூட மாறவில்லை, ஆனாலும் விரல்களுக்கு அடியில் தசை திரண்டு இறுகுகிறது. கூடவே முழங்கை மடிப்பில் தசைநாண் கயிறுபோல எழும்பி நிற்கும், அதை விரலால் கொக்கி போட்டே பிடிக்கலாம். ஒருமுறை இதைத் தொட்டுப் பார்த்தவர்கள் பைசெப்ஸின் வேலையை மறக்கவே மாட்டார்கள்.

ஸ்குரூ டிரைவர் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. வலது கையால் ஸ்குரூவை இறுக்கும்போது செய்வது சுப்பினேஷன் (உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்புவது), அதில் பெரும் பலம் கொடுப்பது பைசெப்ஸ், அதுவும் முழங்கை மடங்கியிருக்கும்போதுதான். கையை முழுக்க நீட்டி வைத்துப் பளு இல்லாமல் மெதுவாகத் திருப்பினால் சுப்பினேட்டர் என்ற சின்னத் தசையே போதும். நல்ல எக்ஸாமினர் இத்தோடு விடமாட்டார். "பைசெப்ஸ் சுருங்கினால் முழங்கையும் மடங்க வேண்டுமே, ஸ்குரூவை இறுக்கும்போது ஏன் மடங்குவதில்லை?" என்று அடுத்த கேள்வி வரும். ட்ரைசெப்ஸ் அதே நேரத்தில் சுருங்கி, வேண்டாத அந்த மடக்கலைத் தடுக்கிறது என்பதுதான் பதில். எதிர்த் தசை என்று நாம் தனியாகப் பிரித்துவைக்கிற ஒன்று இங்கே துணைத் தசையாக நிற்கிறது, எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

மூன்றாவது மடக்கி பிராக்கியோரேடியாலிஸ். ஹியூமரஸின் கீழ்ப்பகுதியில், வெளி எபிகாண்டைலுக்கு (கீழ்முனையின் வெளிப்பக்கப் புடைப்பு) மேலே உள்ள விளிம்பில் தொடங்கி ரேடியஸின் கீழ்முனையில், ஸ்டைலாய்டுக்கு அருகே ஒட்டுகிறது. கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முஷ்டி பிடித்து, மேசையின் அடிப்பக்கத்தை மேல்நோக்கித் தள்ளுங்கள், முன்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு முகடு எழும்பும், அதுதான். இதில் எக்ஸாமினர் வைக்கும் பொறி நரம்பு. மற்ற இரண்டு மடக்கிகளுக்கும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு (பிராக்கியாலிஸின் வெளிப்பகுதிக்கு ரேடியல் நரம்பிலிருந்தும் ஒரு சின்னப் பங்கு உண்டு), ஆனால் இதற்கு ரேடியல் நரம்பு, அதாவது நீட்டும் தசைகளின் நரம்பு. அதனால்தான் மஸ்குலோகியூட்டேனியஸ் அறுந்தாலும் முழங்கை மடங்காமல் போய்விடுவதில்லை. பலம் வெகுவாகக் குறையும், சுப்பினேஷன் பலவீனமாகும், முன்கையின் வெளிப்பக்கத்தில் உணர்ச்சி குறையும், ஆனால் பிராக்கியோரேடியாலிஸும் ப்ரொனேட்டர் டெரிஸும் (உள்ளங்கையைக் கீழ் நோக்கித் திருப்பும் முன்கைத் தசை) சேர்ந்து ஓரளவு மடக்கிவிடும். "மடக்கவே முடியாது" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

பின்பக்கம் சுலபம். ட்ரைசெப்ஸுக்கு மூன்று தலை: நீளத் தலை ஸ்காப்புலாவில் (தோள்பட்டை எலும்பு) கிளெனாய்டு குழிக்குக் கீழே, வெளித் தலை ஹியூமரஸின் பின்புறம் ரேடியல் பள்ளத்துக்கு மேலே, உள் தலை அந்தப் பள்ளத்துக்குக் கீழே. மூன்றும் சேர்ந்து ஒலிக்ரனானில் (அல்னாவின் மேல்முனை, முழங்கையின் பின்னால் துருத்தி நிற்பது) ஒட்டுகின்றன. நீளத் தலை மட்டும் தோள் மூட்டையும் தாண்டுகிறது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அன்கோனியஸ் சின்ன முக்கோணத் தசை, வெளி எபிகாண்டைலிலிருந்து ஒலிக்ரனானின் வெளிப்பக்கத்துக்குப் போகிறது, இரண்டு வரி போதும்.

ரேடியல் நரம்பு பற்றி மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஹியூமரஸ் நடுத்தண்டில் உடைந்து நரம்பு பள்ளத்தில் அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும், ஆனால் முழங்கையை நீட்டுவது பெரும்பாலும் தப்பிவிடும். ட்ரைசெப்ஸுக்கான கிளைகளில் சில நரம்பு பள்ளத்துக்குள் நுழையும் முன்பே பிரிந்துவிடுவதுதான் காரணம். அக்குளில் அடிபட்டால் நீட்டுவதும் போய்விடும். எந்த உயரத்தில் அடி, எந்தக் கிளை ஏற்கெனவே பிரிந்துவிட்டது என்று இந்த ஒரு நரம்பில் யோசிக்கப் பழகிவிட்டால் மற்ற நரம்புகளுக்கும் அதே கணக்குத்தான்.

அடுத்தது முன்கைக்குள் நரம்புகள் நுழையும் வாசல்கள். மீடியன் நரம்பு ப்ரொனேட்டர் டெரிஸின் இரண்டு தலைகளுக்கு நடுவில் நுழைகிறது. அல்னார் நரம்பு உள் எபிகாண்டைலின் பின்னால் இறங்கி (முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அந்த இடம்) ஃப்ளெக்சர் கார்ப்பை அல்னாரிஸின் இரண்டு தலைகளுக்கு நடுவில் போகிறது. ரேடியல் நரம்பின் ஆழ்கிளை சுப்பினேட்டருக்குள் நுழைகிறது. மூன்று நரம்பு, மூன்று தசை வாசல், மூன்றிலும் நரம்பு நெருக்குப்படலாம். இதை ஒரே படமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கியூபிட்டல் ஃபாசாவை (முழங்கையின் முன்பக்கக் குழியை) மனப்பாட வாய்பாட்டில் தொங்கிக்கொண்டு படிக்காதீர்கள், பதற்றத்தில் எழுத்தின் வரிசை தலைகீழாகிவிடும். பைசெப்ஸ் தசைநாணைத் தொடுங்கள். அதற்கு உடனே உள்பக்கம் பிரேக்கியல் தமனி துடிக்கும், ரத்த அழுத்தம் பார்க்க ஸ்டெதஸ்கோப் வைப்பது இங்கே. தமனிக்கும் உள்பக்கம் மீடியன் நரம்பு. தசைநாணுக்கு வெளிப்பக்கம், பிராக்கியோரேடியாலிஸின் அடியில் ரேடியல் நரம்பு. தரைப்பகுதி பிராக்கியாலிஸும் சுப்பினேட்டரும். ரத்தம் எடுக்கும் மீடியன் கியூபிட்டல் சிரைக்கும் உள்ளே இருக்கும் தமனிக்கும் நடுவில் பைசெப்ஸின் அபோநியூரோசிஸ் (தட்டையாக விரிந்த தசைநாண்) தகடுபோல நிற்கிறது, ஊசி ஆழமாக இறங்கினாலும் ஓரளவு காப்பு. இந்த ஒரு வரியை எழுதினால், புரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

எபிகாண்டைல் தசைகளில், உள்பக்கம் மணிக்கட்டை மடக்கும் தசைகளும் ப்ரொனேட்டர் டெரிஸும், வெளிப்பக்கம் மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் தசைகள். டென்னிஸ் எல்போவில் முக்கியமாகப் பாதிக்கப்படுவது எக்ஸ்டென்சர் கார்ப்பை ரேடியாலிஸ் பிரீவிஸ். அதே பெயரில் உள்ள எக்ஸ்டென்சர் கார்ப்பை ரேடியாலிஸ் லாங்கஸ் அந்தப் பொது ஒரிஜினில் சேராது, கொஞ்சம் மேலே உள்ள விளிம்பிலிருந்து வருகிறது, ஸ்பாட்டரில் (மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வில்) இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எழுத்துத் தேர்வில் நேரம் இறுக்கமாக இருந்தால் முதலில் முன்புறப் படம் ஒன்று போட்டு, தசைகளை அம்புக்குறியோடு குறித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள், எழுதும் வரிசை தானாகவே வரும். ரிஃப்ளெக்ஸ் எண்களை (எந்தக் கழுத்துத் தண்டுவட நரம்பு என்பதை) ஓரத்தில் எழுதிவிடலாம்: பைசெப்ஸ் சி5, சி6, பிராக்கியோரேடியாலிஸ் பெரும்பாலும் சி6, ட்ரைசெப்ஸ் முக்கியமாக சி7.

வைவாவுக்கு முந்தைய நாள் நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்துச் செய்து பாருங்கள். டம்ளரைத் தூக்கி வாயருகே கொண்டுபோகச் சொல்லி எந்தத் தசை என்று கேளுங்கள், எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். அதே டம்ளரை மெதுவாக மேசையில் வைக்கச் சொல்லி, முழங்கை இப்போது நீள்கிறதே, எந்தத் தசை வேலை செய்கிறது என்று கேளுங்கள். ட்ரைசெப்ஸ் என்று சட்டென்று வாயில் வரும். அவர் கையைப் பிடித்துப் பாருங்கள், ட்ரைசெப்ஸ் தளர்ந்திருக்கும், முன்பக்கம்தான் இறுகியிருக்கும். நீட்டுவது புவியீர்ப்பு, மடக்கிகள் நீண்டுகொண்டே இறுகி அதன் வேகத்தைப் பிடித்துவைக்கின்றன. டம்ளரைக் கீழே வைத்த பிறகு உள்ளங்கையால் மேசையை அழுத்தச் சொல்லுங்கள், அப்போதுதான் ட்ரைசெப்ஸ் எழும்.