பால் கேலண்டர்: நவம்பர் குறிப்புகள்

3 நவம்பர் 2025, திங்கள்

பால் வியாபாரி அண்ணாச்சியின் ஆப்புக்கு மாதக் கேலண்டரை நானே எழுதப்போவதில்லை. ஏழு பத்தி, ஆறு வரிசை, பார்க்கச் சுலபம்தான். ஆனால் விரலை இழுத்து ஒரு வாரத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுப்பது, மாதம் வழுக்கி நகர்வது எல்லாம் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒன்றுபோல நடக்க வேண்டுமென்றால் வேலை எங்கோ போய்விடும். அண்ணாச்சி அதற்கெல்லாம் காசு தரமாட்டார். ஊருக்குப் போகிறவர்கள் எந்தெந்த நாள் பால் வேண்டாம் என்று தொட்டுவிட்டுப் போக வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான்.

வேறு யாரோ எழுதிப் பகிர்ந்த கோடை, அதாவது லைப்ரரியை, தேடும்போது அதற்குப் பிறர் போட்ட நட்சத்திர எண்ணிக்கையைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். கடைசியாக யார், எப்போது அதில் கை வைத்தார்கள்? உள்ளே நேட்டிவ் கோடு, அதாவது அந்தந்தப் போனுக்கென்றே எழுதிய கோடு, இருக்கிறதா? ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஆப் எழுதும் ரியாக்ட் நேட்டிவின் புதிய ஆர்க்கிடெக்சரில் (உள்கட்டமைப்பில்) ஓடுமா? ரியாக்ட் நேட்டிவ் 0.76இலிருந்து புதியதுதான் இயல்பு. போன மாதம் வந்த 0.82இல் பழையதற்குத் திரும்பவே வழியில்லை. பழைய லைப்ரரியை நம்பி இறங்கினால், கேலண்டர் வர வேண்டிய இடத்தில் 'இப்படி ஒரு காம்போனென்ட் இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். கடைசி மாற்றம் செப்டம்பரில்.

4 நவம்பர்

அப்பாவுக்கு ரத்தத்தில் சோடியம் 121.

5 நவம்பர்

ஐசியு வராந்தாவில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதற்கும் வரிசை.

முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் என்பது பாதி உண்மைதான். கேலண்டரில் நேட்டிவ் கோடு இல்லை. அது சாய்ந்து நிற்கிற ரீஅனிமேட்டடில் (அசைவுகளுக்கான இன்னொரு லைப்ரரி) இருக்கிறது. கேலண்டர் கேட்பது அதன் 3ஆம் வெர்ஷன், என் ஆப்பில் இருப்பது 4. லைப்ரரிகளைக் கொண்டுவந்து தரும் என்பிஎம் இறக்க மறுத்துவிட்டது. 2020இல் வந்த என்பிஎம் 7 முதல் இந்தக் கறார். 'லெகசி பியர் டெப்ஸ்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் வாயை மூடிக்கொண்டு இறக்கிவிடும். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. எரரை வாயடைத்துவிட்டால் அது வாடிக்கையாளரின் போனில் போய்ப் பேசும்.

கேலண்டரை எழுதியவர்களுடைய பீட்டாவில் (சோதனை வெர்ஷனில்) 4க்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டேன். 4இல் வொர்க்லெட்ஸ் என்ற உள்பகுதி தனிப் பேக்கேஜாகப் பிரிந்துவிட்டதால், கோடை உருமாற்றும் பேபலின் ஃபைலில் பிளகின் பெயரும் மாறியிருக்கிறது. அந்த வரி பட்டியலில் கடைசியாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் கோடைக் கட்டித் தரும் மெட்ரோவின் கேஷை (பழைய சேமிப்பை) துடைத்து, ஆப்பை முதலிலிருந்து பில்ட் செய்ய வேண்டும்.

சோடியத்தை வேகமாக ஏற்றக் கூடாதாம். ஒரு நாளைக்கு எட்டு, பத்துக்கு மேல் ஏறினால் மூளைக்கு ஆபத்து என்றார் டாக்டர். குறைந்ததும் ஆபத்து, கூடுவதும் ஆபத்து.

6 நவம்பர்

கேலண்டர் திரையில் வந்துவிட்டது. அண்ணாச்சிக்குப் படம் அனுப்பினேன். உடனே போன்.

"தம்பி, இதென்ன ரெண்டு வானா, ரெண்டு சானா நிக்கி? வியாழன் எது, வெள்ளி எதுன்னு எவன் கண்டான்?"

வைக்கும்போதுதான் கேட்டார். "அப்பா எப்படி இருக்காவ?" இருக்கிறார் என்றேன்.

7 நவம்பர்

அப்பா என்னைப் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நானும் அப்படியே பதில் சொன்னேன்.

8 நவம்பர், சனி

வானா, சானா விவகாரம். லைப்ரரி கிழமைப் பெயரின் முதல் எழுத்தை வெட்டி எடுக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் 'தி' என்பது யூனிகோடில் இரண்டு துண்டு: த, அதன் பின்னால் இகரக் குறி. முதல் துண்டை மட்டும் எடுத்தால் ஞ, த, ச, ப, வ, வ, ச. செவ்வாயும் சனியும் ஒன்று, வியாழனும் வெள்ளியும் ஒன்று. மூன்று துண்டு எடுத்தாலும் 'செவ', 'விய' என்று அரைகுறைதான். எழுதியவர் திரையில் இந்த வரிசையை ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா என்று கோபம் வந்தது. அவர் எந்த ஊரோ, ஏன் பார்க்கப்போகிறார்.

வெட்டவே தேவையில்லை. தேதி வடிவமைக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. தமிழில், மிகக் குறுகலாக என்று கேட்டால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஒழுங்காகத் தரும். ஆனால் அந்த வரி, இறக்கிய லைப்ரரிகள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸுக்குள் இருக்கிறது. அங்கே திருத்தினால் அடுத்த இன்ஸ்டாலில் போயே போய்விடும். பேட்ச்-பேக்கேஜ் என்ற கருவியை வைத்து வித்தியாசத்தை மட்டும் ஒரு ஃபைலாக எடுத்துவைத்தேன். ஒவ்வொரு இன்ஸ்டாலுக்குப் பிறகும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். லைப்ரரி அடுத்த வெர்ஷனுக்குப் போனால் பேட்ச் பொருந்தாமல் போகலாம். ஆகவே வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் இருந்த, புதியதையும் ஏற்கும் கூரைக்குறியை (^) நீக்கி, இதே எண்தான் என்று கட்டிவைத்தாயிற்று.

'பு'வின் அடிப்பாகம் ஆண்ட்ராய்டில் நறுக்கென்று வெட்டுப்படுகிறது. தலைப்பு வரிக்கு நிலையான உயரம் கொடுத்திருக்கிறார்கள். அதையும் பேட்சிலேயே சேர்த்தேன்.

10 நவம்பர், இரவு

தூக்கம் இல்லை. செப்டம்பர் 8 நினைவுக்கு வந்தது. லைப்ரரிகளைப் பராமரிப்பவர் ஒருவர் போலி மெயிலுக்கு ஏமாந்து, சாக், டீபக் போன்ற பேக்கேஜ்களில் கிரிப்டோ திருடும் கோடு ஏறியது. உலகத்தில் பாதிப் புராஜெக்ட்டில் அவை இருக்கும். என் கேலண்டருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று, எந்தப் பேக்கேஜ், எந்த வெர்ஷன் எனப் பட்டியலிடும் லாக் ஃபைலைத் திறந்து உருட்டிக்கொண்டே போனேன். ஒருவர் பெயரும் தெரியாது. யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு லிங்கைத் தொட்டால், திருநெல்வேலியில் பால் வாங்குகிறவர்கள் வரைக்கும் வந்து நிற்கும்.

லாக் ஃபைலில் இருப்பதை மட்டும் இறக்கும் 'சிஐ' கட்டளைதான் இனி பில்டுக்கு.

11 நவம்பர்

சோடியம் 126. தண்ணீர் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. அப்பா நர்ஸிடம் ரகசியமாகக் காபி கேட்டாராம்.

12 நவம்பர்

14ஆம் தேதியைத் தொட்டால் சர்வரில் 13 என்று விழுகிறது.

காரணம் இதுதான். கேலண்டர் தருவது நம்மூர் நேரப்படி 14 நள்ளிரவு. அதை ஐஎஸ்ஓ வடிவத்துக்கு (ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கும் எழுத்து வடிவம்) மாற்றும்போது உலகப் பொது நேரத்துக்குப் போகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அது 13, மாலை 18:30. முதல் பத்து எழுத்தை எடுத்தால் 13. கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது, அவர்களுடைய நள்ளிரவு அதே தேதிக்குள்தான் விழும். லைப்ரரியின் மாதிரிக் கோடு இப்படித்தான் இருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றவருக்கு வியாழனே பால் நின்றுபோய், வெள்ளி காலை பூட்டிய வீட்டு வாசலில் பாக்கெட் கிடக்கும். மாதக் கடைசியில் அண்ணாச்சி கணக்கு நோட்டோடு சண்டைக்கு வருவார், நியாயமாகவே.

ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து நானே கோர்த்தேன். மாதத்துக்கு ஒன்று கூட்ட வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரி பூஜ்யம்.

13 நவம்பர்

நவம்பர் 1 முதல் ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்கு மேலோ குறிவைக்கும் ஆப்களுக்குப் பிளே ஸ்டோரில் நினைவகத்தின் 16 கேபி பக்க அளவுக்கு ஒத்துப்போவது கட்டாயம். ரியாக்ட் நேட்டிவ் 0.77லேயே தயார். கேலண்டர் பக்கம் பிரச்சினை இல்லை. முன்பே ஆப்பில் கிடக்கும் ஸ்கேனர்தான், ஆப் ஃபைலைப் பிரித்துப் பார்க்கும் ஏபிகே அனலைசரில் மாட்டுகிறது. அதை யார் போட்டது, எதற்குப் போட்டது?

129.

15 நவம்பர், சனி

அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். என்னை என் பெயர் சொல்லித் திட்டினார், ஷேவ் செய்யவில்லை என்று.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை ஓடவிட்டுக் கேட்டேன். கட்டத்தைத் தொட்டால் வெறும் 'பதினான்கு' என்கிறது. எந்த மாதம், எந்தக் கிழமை, பால் உண்டா இல்லையா, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் எழுத வேண்டும். ஐபோனில் இன்னும் பார்க்கவே இல்லை, இரவல் மேக் நாளைக்குத்தான் வரும்.

இரவு அண்ணாச்சி மறுபடி போன். வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கக் கூடாதாம், ஞாயிறு இரவுதான் அவர் வாரக் கணக்கு முடிப்பாராம், திங்களை முதலில் வைக்க வேண்டுமாம். லைப்ரரியில் அதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. போட்டால் தேதிகள் நகர்கின்றன, என் பேட்சில் இருக்கும் கிழமை வரிசை நகரவில்லை.