டிப்பர் ஏன் மூக்கு குத்தி நிற்கிறது?

அறுவடை சமயத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் நெல் ஏற்றிப் போகிற டிராக்டர் டிப்பர்களை ரோட்டோரமாக நின்று பக்கவாட்டில் பாருங்கள். நிறைய வண்டி மட்டமாக இருக்காது. ஒன்று மூக்கு குத்திப் போகும், இல்லையென்றால் முன்பக்கம் தூக்கி வால் தொங்கும். ஓட்டுகிறவரிடம் கேட்டால் "இழுக்குதுல்ல, அப்புறம் என்ன" என்பார். இழுக்கத்தான் செய்யும். தட்டை ரோட்டில் ஒன்றும் தெரியாது. வயலிலிருந்து வெண்ணாற்றுக் கரைமேல் ஏற்றும்போது ஸ்டீயரிங் லேசாகி முன் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது பாருங்கள், அங்கேதான் தெரியும்.

மாட்டுவண்டி ஓட்டினவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், முன்பாரம் பின்பாரம் என்றால் போதும். ரெண்டு சக்கர டிப்பரும் அதே கணக்குத்தான், மாட்டின் கழுத்துக்குப் பதில் டிராக்டர் கொக்கி. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் 100 ஏற்றினால் 4 டன். அதில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார்ந்தாலே 400 கிலோ. கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால், அதனால் அங்கே அழுத்துகிற ஒவ்வொரு கிலோவும் டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். கொக்கி தாழ்வாக இருந்து டிப்பர் மூக்கு குத்தினால் பாரம் இன்னும் முன்னால் வரும். வைக்கோல் மாதிரி உயரமாக அடுக்கினால் இது ரொம்ப மோசம்: பாரத்தின் நடு டிப்பர் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், 5 டிகிரி சாய்வுக்கே 13 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்துவிடும். இதற்கு நேர்மாறாக, கொக்கி உயரமாக இருந்து டிப்பரின் முன்பக்கம் தூக்கி நின்றால் பாரம் பின்னால் போய் கொக்கியை மேலே இழுக்கும், பின் டயருக்குப் பிடிப்பு குறையும், ஈரக் கரையில் வழுக்கும்.

காரைக்கால் துறைமுகத்துப் பக்கம் ஓடுகிற ட்ரெய்லர் லாரிகளில் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. அதில் இருப்பது ஃபிஃப்த் வீல், அதாவது பின் அச்சுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ ஒரு கனத்த தட்டு, அதில் ட்ரெய்லரின் அடியில் இருக்கும் கிங் பின் என்கிற தடித்த முளை போய்ப் பூட்டிக்கொள்ளும். பாரம் அச்சின் மேலேயே இறங்குவதால் முன்பக்கம் தூக்காது. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் இதே மாதிரி கொக்கியை வைத்து வீட்டு ட்ரெய்லரே இழுக்கிறார்கள். அங்கேயும் மட்டம் பார்க்கத்தான் வேண்டும், இல்லையென்றால் ட்ரெய்லரின் ரெண்டு அச்சில் ஒன்றே அதிக பாரம் சுமந்து அதன் டயர் சூடேறும். மட்டத்துக்காக இஷ்டத்துக்குக் கொக்கியை இறக்கவும் முடியாது, ட்ரெய்லரின் அடிப்பக்கம் தொட்டிச் சுவரில் இடிக்கும். பிக்கப்புக்குப் பின்னால் ஸ்பிரிங் உண்டு, பாரம் ஏறினால் அமுங்கும். நம்ம டிராக்டரின் பின் அச்சில் ஸ்பிரிங்கே இல்லை, டயர் அமுங்குகிற அளவுதான். ஆகவே நமக்கு அளப்பது சுலபம்.

சிமெண்ட் களத்தில் டிப்பரை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கோணச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். டிப்பரில் வழக்கமான பாரம் இருக்கும்போது அளப்பது நல்லது, ஏனென்றால் டிப்பருக்கு ஸ்பிரிங் பட்டை இருந்தால் அமுங்கியிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை டிப்பரின் தளத்தில் வையுங்கள், அது இல்லாவிட்டால் தளத்தின் முன் மூலையிலிருந்தும் பின் மூலையிலிருந்தும் தரைக்கு டேப் பிடித்தால் போதும். ஜாக்கியை ஏற்றி இறக்கி மட்டத்துக்குக் கொண்டுவந்ததும், சட்டத்தின் நுனியில் கொக்கியோடு மாட்டுகிற வளையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிராக்டர் கொக்கியின் உயரம். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சரிசெய்யப்போகிறோம். கொக்கி மாட்டும் பிராக்கெட்டில் மேலும் கீழுமாகத் துளைகள் இருக்கும், பின்னை உருவி கிட்டத்தில் இருக்கும் துளைக்கு மாற்றவேண்டியதுதான். ஒரு அங்குலம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை.

துளை போதவில்லை என்றால்தான் நம்ம ஆட்கள் குறுக்குவழி தேடுவார்கள். பிராக்கெட்டுக்கு மேலே ஒரு துண்டை வெல்டு வைத்து கொக்கியை உயர்த்துவது அதில் ஒன்று. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. இழுக்கிற இடம் பின் அச்சின் உயரத்தைத் தாண்டினால், டிப்பர் சேற்றில் சிக்கி நகராதபோது டிராக்டர் தன்னையே சுற்றிக்கொண்டு பின்பக்கமாகக் கவிழும், ஓட்டுகிறவர் சுதாரிக்க நேரமே இருக்காது. டாப் லிங்க், அதாவது கலப்பையின் மேல் கை, மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பதும் இதே ஆபத்துதான், களிமண் வயலில் அடிக்கடி நடக்கிறது. கலப்பை மாட்டுகிற கீழ்க் கைகளில் குறுக்குப் பட்டை போட்டு டிப்பரை மாட்டுவதும் வேண்டாம், ஹைட்ராலிக் லீவரில் கை பட்டால் உயரமே மாறிவிடும். உயரத்தை மாற்றியே ஆகவேண்டும் என்றால் டிப்பர் பக்கம் மாற்றுங்கள். பட்டறையில் சொன்னால் வளையத்தை முக்கோணச் சட்டத்துக்கு மேலேயோ அடியிலோ மாற்றிப் போல்ட்டு போட்டுக் கொடுப்பார்கள், டிராக்டர் கொக்கி தாழ்வாகவே இருக்கும்.

டயர் காற்றையும் பாருங்கள். சேற்றுழவுக்காக டிராக்டரின் பின்டயரில் காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே டிப்பர் இழுக்க வந்தால் கொக்கி இறங்கிப்போயிருக்கும், நீங்கள் துளை மாற்றியதெல்லாம் வீண்.

சிப்பம் அடுக்கும்போதும் சுமை தூக்குகிறவர்கள் அவசரத்தில் முன்பக்கமே குவிப்பார்கள், பின்பக்கக் கதவு திறந்தால் சரியும் என்ற பயம். அச்சுக்கு முன்னும் பின்னுமாகப் பரப்பச் சொல்லுங்கள், முன்னால் கொஞ்சம் கூட இருக்கட்டும். எங்கள் டிரைவர் தம்பி இப்போது பாரம் ஏறியதும் இறங்கி ஒரு தடவை பக்கவாட்டில் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறான்.

கொக்கிப் பின்னுக்குப் பதில் கம்பித் துண்டு செருகுகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது. எங்கள் டிப்பர் வளையத்தின் துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது, பிரேக் போட்டால் டங்கென்று இடிக்கிறது. தேய்ந்த துளைக்குள் புஷ் என்கிற உள்வளையம் போட பட்டறையில் விட்டிருக்கிறேன், சம்பா அறுப்புக்கு முன்னால் வந்துவிடும்.