கீமோ வார்டிலிருந்து வீட்டுக்கு: முதல் டிஸ்சார்ஜுக்கு முன் பெற்றோரைப் பழக்குவது

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் பார்ப்பது ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் ஓடும். அதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிவது கொஞ்ச காலம்தான், மிச்சமெல்லாம் வீடு. ஆனால் வீட்டில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதோ பெரும்பாலும் டிஸ்சார்ஜ் அன்று கடைசி அரை மணி நேரத்தில். அப்பா பில் கவுண்டரில் நிற்பார், அம்மா துணிமணியை மடித்துக்கொண்டிருப்பார், குழந்தை "எப்பம்மா போலாம்" என்று அரிக்கும். அந்த நேரத்தில் எது சொன்னாலும் தலையாட்டுவார்கள், எதுவும் ஏறாது.

வார்டில் நாங்கள் பழகிக்கொண்ட வழி இது: வீட்டுக்குப் போவதற்கு நாலைந்து நாள் முன்பே தொடங்குவது, ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு சுடுது, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு, அவர்களையே செய்துகாட்டச் சொல்கிறோம். அம்மாவுக்கு மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் குழந்தையோடு படுக்கப்போவது பாட்டி என்றால் பாட்டியும் வர வேண்டும்.

முதல் நாள் தெர்மாமீட்டர். டிஜிட்டலாக இருக்கட்டும், இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்றின் பேட்டரி தீர்வது எப்போதும் நடுராத்திரியில்தான். அக்குளை வேர்வை இல்லாமல் துடைத்து, முனை தோலில் படும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது. காலை, மாலை, பிறகு குழந்தை சோர்ந்து படுக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் கிளம்ப வேண்டும். குளிரில் உடம்பு நடுங்கினால் 100.4 வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரம்? கீமோ கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வகையின் எண்ணிக்கையைத்தான் ஏ.என்.சி. என்கிறோம். ரிப்போர்ட்டை வைத்துப் பெற்றோரே கணக்குப் போடலாம். மொத்த வெள்ளையணு 1,800, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் ஏ.என்.சி. 360. 500-க்குக் கீழே இருக்கும்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் குழந்தையின் பி.பி.யை இறக்கிவிடலாம். அதனால்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது விதி.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிட்டு "இறங்கிடுச்சு" என்று விடியும்வரை காத்திருப்பது. இறங்கியது சூடு மட்டுமே, கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். வார்டுக்கு போன் செய்து கேட்காமல் அந்த சிரப்பைத் தொடாதீர்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், மெஃபனமிக் ஆசிட் கலந்த சிரப் எதுவும் வேண்டவே வேண்டாம், ரத்தம் உறைவதை அவை கெடுக்கும். இன்னொன்று, சிகிச்சையின் பகுதியான ஸ்டீராய்டு மருந்து ஓடும் வாரங்களில் காய்ச்சலையே எதிர்பார்த்து இருப்பது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். சூடே இல்லாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, வயிறு வலிக்கிறது என்று சுருண்டாலோ, கைகால் சில்லிட்டாலோ அதுவும் அதே அவசரம்தான்.

சென்னைக்கோ வேலூருக்கோ ஆறு மணி நேரம் பஸ் ஏற வேண்டிய ஊர்க்காரர்களுக்கு "உடனே வாங்க" என்று சொல்வது பாதிப் பேச்சு. முதல் டோஸ் எங்கே போடுவது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதற்குத்தான் ஒரு பக்கக் கடிதம். ஆங்கிலத்தில், டாக்டர் கையெழுத்தோடு, லேமினேட் செய்து இருக்க வேண்டும். நோயின் பெயர், கடைசியாக ஏற்றிய கீமோவும் தேதியும், ஸ்டீராய்டு ஓடுகிறதா அல்லது எப்போது முடிந்தது, எந்த மருந்துக்கு அலர்ஜி, உடம்பில் போர்ட் (தோலுக்கடியில் வைக்கும் மருந்து ஏற்றும் கருவி) அல்லது பிக் லைன் (கை நரம்பு வழியாகப் போடும் நீளக் குழாய்) உண்டா, எந்த ஆன்டிபயாடிக், இந்த எடைக்கு எவ்வளவு, வார்டு போன் நம்பர். இதோடு "ரத்த கல்ச்சரும் (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) சி.பி.சி.யும் (ரத்த அணு எண்ணிக்கை) எடுத்த கையோடு முதல் டோஸ் போடவும், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், தசையில் ஊசி வேண்டாம்" என்ற வரி கட்டாயம். மாவட்ட ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டியில் இருக்கும் டாக்டர் இந்த மாதிரிக் குழந்தையை அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர் கையில் கொடுக்க ஒரு காகிதம் வேண்டும். எடையும் மருந்தும் மாறும்போது கடிதத்தையும் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது மாத்திரை. மெயின்டனன்ஸ் கட்டத்தில், அதாவது வீட்டிலேயே மாத்திரை தொடரும் நீண்ட கடைசிக் கட்டத்தில், இரண்டு கீமோ மாத்திரைகள்: மெர்காப்டோப்யூரின் தினமும் ராத்திரி, மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். மெர்காப்டோப்யூரின் 50 மில்லிகிராம் மாத்திரையாக வரும். குழந்தைக்குத் தினமும் 42 மில்லிகிராம் தேவை என்றால் அதை அப்படியே வெட்ட முடியாது. அதனால் வாரத்தில் 5 நாள் முழு மாத்திரை, 2 நாள் அரை மாத்திரை என்று எழுதுவார்கள். வாரத்துக்கு 300 மில்லிகிராம், கணக்கு சரியாக வரும். "தினம் ஒண்ணுதானே" என்று நினைவில் வைத்துக்கொண்டால் இது குழம்பிவிடும். தினசரி காலண்டர்த் தாளில் அந்த ராத்திரிக்கு "1" அல்லது "½" என்று மாதம் முழுக்க முன்கூட்டியே எழுதி, கொடுத்ததும் டிக் போடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டில்தான் உயிராபத்து. வாரம் ஒரு முறை என்பது தினமும் என்று மாறினால் வாய், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் வெந்துபோகும். காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டமிடுங்கள், மற்ற மாத்திரை டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள். இன்னொரு கண்ணி கடையில் இருக்கிறது. 2.5 மில்லிகிராம் மாத்திரை 6 என்றால் 15 மில்லிகிராம். அடுத்த முறை கடைக்காரர் 10 மில்லிகிராம் பட்டையைக் கொடுத்து, வீட்டில் பழக்கத்தில் அதே 6 கொடுத்தால் 60. ஒவ்வொரு முறையும் பட்டையைத் திருப்பி எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போன டோஸை மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் மாத்திரை போட்டு எத்தனை நிமிஷம் ஆனது என்று குறித்துக்கொண்டு போன் செய்யுங்கள். சத்து டானிக், நாட்டு மருந்து எதுவானாலும் கேட்ட பிறகே. டானிக்கில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் மெத்தோட்ரெக்சேட்டுக்கு எதிராக வேலை செய்யும்.

மாத்திரையை வெட்டத் தனி வெட்டுக்கருவி வேண்டும், சமையலறைக் கத்தி வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பமாக இருப்பவர் தொடக் கூடாது. கீமோ முடிந்த 48 மணி நேரத்துக்குச் சிறுநீர், வாந்தி பட்ட துணியைத் தனியாக அலசுங்கள்.

வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி குடலை மந்தமாக்கும். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றதும் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. இந்தக் குழந்தைக்கு அது கூடாது, எனிமாவும் கூடாது. அங்கே விழும் சின்னக் கீறல் வழியாகக் குடல் கிருமி நேராக ரத்தத்தில் ஏறும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பை முதல் நாளிலிருந்தே டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்த நிலையே வராது. பாட்டிகளிடம் இதைக் காரணத்தோடு சொன்னால் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். "செய்யாதீங்க" என்று மட்டும் சொன்னால் நாம் போன பிறகு காம்பு வந்துவிடும்.

வாய்க்கு: ஒரு டம்ளர் ஆறிய வெந்நீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பிரஷ் மிக மென்மையாக. மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடியுங்கள். நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

சாப்பாட்டில் பயமுறுத்தத் தேவையில்லை. சூடாகச் சமைத்து உடனே சாப்பிடுவது, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், தோலுரிக்கிற வாழைப்பழம், ஆரஞ்சு. பச்சைக் காய்கறி, திராட்சை, ரோட்டோர ஜூஸ், மீந்த குழம்பு வேண்டாம். தேங்காய்ச் சட்னி அரைத்த அரை மணிக்குள் தீர வேண்டும்.

பிக் லைன் இருந்தால் வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங்கும் ஃப்ளஷ்ஷும் (சிரிஞ்சால் சலைன் தள்ளிக் குழாயைக் கழுவுவது). 10 மில்லி சிரிஞ்ச் மட்டுமே. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடிக்கும். தள்ளும்போது தடுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். குளிக்கும்போது நனையாமல் பிளாஸ்டிக்கால் சுற்றுங்கள். ஃப்ளஷ் செய்த பிறகு நடுக்கம் வந்தால் கிருமி குழாயிலேயே இருக்கலாம் என்று அர்த்தம்.

அம்மை விஷயம் தனியாக ஒரு நாள். தெருவில், பள்ளிக்கூடத்தில், ஒரே பஸ்ஸில் யாருக்காவது அம்மை என்று தெரிந்தால், குழந்தைக்கு ஒன்றும் இல்லாதபோதே அன்றைக்கே போன் செய்ய வேண்டும். இதற்குப் போடுவது வழக்கமான தடுப்பூசி அல்ல, தயார் எதிர்ப்புப் பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசி; அதை 96 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நல்ல பலன். வேப்பிலை கட்டி, அம்மனுக்கு வேண்டிக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. அதோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டும் என்பதுதான் கேட்பது. அதுபோல வீட்டில் சின்னத் தம்பி, தங்கை இருந்தால் போலியோ சொட்டு மருந்து முகாமுக்குக் கூட்டிப் போகாதீர்கள். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், மலத்தில் பல வாரம் வெளியேறும். அவர்களுக்கு ஊசி வடிவப் போலியோ மருந்து உண்டு, முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கடைசி நாளில் பை. கடிதம், காலண்டர், காப்பீட்டு அட்டை, கடைசி ரிப்போர்ட், ஒரு தெர்மாமீட்டர், ஒரு செட் துணி, கொஞ்சம் ரொக்கம், சார்ஜர். வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கட்டும். பீரோவில் வைத்தால் சாவி தேடவே கால் மணி நேரம் போய்விடும்.