டாகெ டானியெல்சன் என்றொரு ஆள்

ஒரே ஆள் எத்தனை வேலை பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், நான் ஸ்வீடன்காரர் டாகெ டானியெல்சனைத்தான் காட்டுவேன். 1928இல் பிறந்து, உப்சாலாவில் படித்து, வானொலியில் சேர்ந்து, பொழுதுபோக்குப் பிரிவுக்கே தலைவரானார். அதையும் விட்டுவிட்டு நண்பர் ஹான்ஸ் ஆல்ஃப்ரெட்சனோடு சொந்த நிறுவனம் ஆரம்பித்தார். அப்புறம் மேடை நகைச்சுவை, பாட்டு, தொலைக்காட்சி, சினிமா இயக்கம் என்று கை வைக்காத இடமில்லை. 1984இல் குழந்தை எழுத்தாளர் ஆஸ்த்ரித் லிண்ட்கிரெனின் ‘ரோன்யா’ நாவலைப் படமாக்கியதும் இவர்தான். மறுவருடமே, 57 வயதில் போய்விட்டார்.

எனக்குப் பிடித்தது இவர் எழுதி, 1975இல் கார்ட்டூன் படமாகத் தொலைக்காட்சிக்கு வந்த கார்ல்-பெர்டில் என்ற பையனின் கதை. கடை முதலாளியின் மகன், ராபின் ஹூட் ரசிகன். கிறிஸ்துமஸ் நேரத்தில் தபால் நிலையத்தில் வேலை. பணக்காரர்களுக்கு வந்த பார்சல்களை ஒதுக்கி வைத்து ஏழைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். ‘வீட்டிலேயே ஒரு கம்யூனிஸ்டை வளர்த்துவிட்டேனே’ என்கிற மாதிரி அப்பா குமுறுவார் பாருங்கள்! கதை சொல்லும் குரலும் டானியெல்சனுடையதே. ஸ்வீடனில் அதை கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குடும்பத்தோடு பார்ப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

சிரிக்க வைப்பவர்தான், ஆனால் சும்மா சிரிக்க வைப்பவர் இல்லை. 1979இல் அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் அருகே அணு உலை விபத்து நடந்தது. நடக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்று நடந்துவிட்டால், அதன் நிகழ்தகவு என்ன? இதை வைத்துத் தடுமாறித் தடுமாறி மேடையில் பேசினார். அடுத்த வருடம் ஸ்வீடன் அணுசக்தி பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்தியது.